பஞ்சும் நெருப்பும்

கல்வராயன் மலையில் மழை இறங்கினால் கல்படை, பொட்டியம் ஆறுகளில் வெள்ளம் புரண்டு கோமுகி அணைக்கு வந்து சேர்கிறது. 46 அடி கொண்ட அவ்வணை நிறைந்து, பாசனத்திற்கு மதகு திறக்கப்படும் நாளில் கச்சிராயபாளையத்துக் குடியானவர்களின் முகத்தில் ஒரு தெளிவு உண்டாகிறது. அன்று வயலோரம் நிற்பவர்களிடம் இந்தத் தண்ணீரைத் தந்தது யார் என்று கேட்டால், சிறு பிள்ளை வாய்க்காலைக் கைகாட்டும். அதன் அத்தா, மதகைத் திறந்த லஸ்கரைச் சொல்வார். இன்னும் விவரமறிந்தவர் அணையையும் மலையையும் பருவக்காற்றையும் சொல்வார். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அவ்வழியே வரும் பெரியவரோ, அல்லாஹ் தந்தான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

இவர்களில் யார் சொன்னது சரி? எல்லாமே சரியென்றால் ஒன்றுக்கொன்று என்ன உறவு? காரணம் என்றும் காரியம் என்றும் நாம் பேசுகிறோமே, அவ்விரண்டையும் கட்டி வைத்திருப்பது எது? இக்கேள்வியைத் துருவித் துருவி ஆராய்ந்த பெருந்தகை ஒருவரின் வாழ்வை இம்மாதம் வாசக நேயர்களின் முன் வைக்கிறோம். அன்னார்தாம் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் அழைக்கும் இமாம் அபூஹாமித் முஹம்மது அல் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

இமாமவர்கள் ஓர் உவமை கூறியிருக்கிறார்கள். காகிதத்தின்மேல் ஓர் எறும்பு ஊர்கிறது. பேனாவின் நுனி பட்ட இடமெல்லாம் கறுப்பதைக் கண்டு, கறுப்பாக்குவது பேனாவே என்று அது முடிவு கட்டிவிடுகிறது. விரல்களும் கையும் அதன் சிறிய கண்ணுக்கு எட்டவில்லை. எழுதுகிறவனோ அதன் நினைவிலும் இல்லை. வாய்க்காலைக் காட்டிய பிள்ளைக்கும் இந்த எறும்புக்கும் அதிக தூரமில்லை. பெரிய படிப்புப் படித்த நம்மில் பலருக்குந்தான்!

ஹிஜ்ரி 450, அதாவது கி.பி. 1058-ஆம் ஆண்டில், குராஸான் நாட்டின் தூஸ் நகரில் இமாமவர்கள் பிறந்தார்கள். இன்று அது ஈரான் நாட்டில் மஷ்ஹதுக்கு அருகில் இருக்கிறது. தந்தையார் கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஆலிம்களின் சபையில் அமர்ந்து கேட்பதும், தமக்கு வாய்க்காத கல்வி தம் மக்களுக்கு வாய்க்க வேண்டுமென்று துஆச் செய்வதும் அவர் வழக்கம். அவருக்கு மரணம் நெருங்கியபோது முஹம்மது, அஹ்மது என்னும் இரு சிறுவர்களையும் கையிலிருந்த சிறு தொகையையும் ஸூபியான ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். தொகை தீர்ந்ததும் அந்த நல்லவர், தம்மிடம் ஏதுமில்லை என்று ஒளிக்காமல் சொல்லி, மாணவர்களுக்குச் சாப்பாடு கிடைக்கும் மதரஸாவில் இருவரையும் சேர்த்துவிட்டார். சோற்றுக்காகச் சேர்ந்த படிப்பு தங்களை அல்லாஹ்விடம் கொண்டு சேர்த்துவிட்டது என்று பிற்காலத்தில் இமாமவர்கள் நினைவுகூர்வதுண்டு.

ஜுர்ஜான் என்னும் ஊரில் பாடம் படித்துவிட்டுத் திரும்பும் வழியில் கள்வர்கள் மறித்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் இழந்த இளைஞர், தாம் எழுதி வைத்த பாடக் குறிப்புகளை மட்டுமாவது கொடுக்கும்படி கள்வர் தலைவனிடம் மன்றாடினார்கள். பறித்தால் போய்விடக்கூடிய அறிவும் ஓர் அறிவா என்று அவன் சிரித்துவிட்டுக் குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தான். ஊர் திரும்பிய இமாமவர்கள் மூன்றாண்டுகள் அமர்ந்து அத்தனையையும் மனனம் செய்தார்கள். கள்வனின் வாயால் தமக்குப் பாடம் சொன்னவன் அல்லாஹ்வே என்று அவர்கள் கருதினார்கள். பேனாவுக்கு அப்பால் கையைப் பார்க்கும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது போலும்.

பின்னர் நிஷாப்பூர் சென்று, இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் பிக்ஹும் இல்முல் கலாமும் தர்க்கமும் கற்றார்கள். ஹிஜ்ரி 478-இல் (கி.பி. 1085) உஸ்தாது மறைந்ததும் ஸல்ஜூக் வஸீர் நிஜாமுல் முல்க்கின் அவைக்குப் போனார்கள். அங்கு நடந்த விவாதங்களில் எவராலும் அவர்களை வெல்ல முடியவில்லை. 1091-இல், வயது 33-ஐ ஒட்டிய நிலையில், பக்தாது நிஜாமிய்யா மதரஸாவின் தலைமை ஆசிரியர் பதவி அவர்களைத் தேடி வந்தது. 300 மாணவர்கள் பாடம் கேட்டார்கள். கலீபாவின் அவையில் மதிப்பு, பட்டாடை, செல்வம், புகழ் யாவும் இருந்தன.

அக்காலத்தில் பாராபி, இப்னு ஸீனா ஆகிய தத்துவ மேதைகளின் நூல்கள் படித்தவர்களை மயக்கிக்கொண்டிருந்தன. தொழுகையும் நோன்பும் பாமரர்களுக்குரியவை என்று எண்ணும் கூட்டம் ஒன்றும் தோன்றியிருந்தது. கற்காமல் மறுப்பது குருடன் கல்லெறிவது போலாகும் என்று கருதிய இமாமவர்கள், பாடம் நடத்தியது போக மிஞ்சிய நேரத்தில், உஸ்தாது எவருமின்றி ஏறத்தாழ இரண்டாண்டுகள் அந்நூல்களைப் படித்தார்கள். இன்னுமோர் ஆண்டு அவற்றையே சிந்தித்தார்கள். முதலில் தத்துவ ஞானிகளின் கருத்துகளை ஒழுங்காக எடுத்துரைக்கும் ஒரு நூலையும், அதன்பின் 1095 ஜனவரியில் தஹாபுதுல் பலாஸிபா என்னும் மறுப்பு நூலையும் முடித்தார்கள்.

அந்த மறுப்பு நூலின் முன்னுரையே நம் காலத்துக்கு எழுதியது போன்றிருக்கிறது. சூரிய கிரகணமும் சந்திர கிரகணமும் கணக்கின்படி நிகழ்பவை. மார்க்கத்தின் பெயரால் அவற்றை மறுத்து வாதிடுவோர் மார்க்கத்திற்கே கேடு செய்கிறார்கள் என்கிறார்கள் இமாமவர்கள். கணிதத்தில் உறுதிப்பட்ட ஒன்றை மார்க்கம் மறுக்கிறது என்று சொன்னால், கேட்பவன் கணிதத்தைச் சந்தேகிக்க மாட்டான், மார்க்கத்தையே சந்தேகிப்பான். ஆகவே கணிதத்தோடோ வானவியலோடோ அவர்களுக்குச் சண்டையில்லை.

நூலில் 20 விவாதங்கள் உள்ளன. அவற்றில் 17-ஆவதுதான் காரண காரியம் பற்றியது. அதன் உதாரணம் நமக்கு மிகவும் பழகிய பொருள். கள்ளக்குறிச்சியில் பருத்தி ஏலத்துக்கு மூட்டைகள் வந்து குவியும் நாளில், பக்கத்தில் ஒருவன் பீடி பற்ற வைத்தால் எத்தனை பேர் அவன்மேல் பாய்வார்கள்! நெருப்பு பஞ்சைச் சுடும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இமாமவர்கள் கேட்பது இதுதான்: நெருப்பு பட்டதைக் கண்டீர்கள், பஞ்சு கருகியதையும் கண்டீர்கள். நெருப்பேதான் கருக்கியது, அப்படியல்லாமல் வேறுவிதமாக நடக்கவே முடியாது என்பதை எந்தக் கண்ணால் கண்டீர்கள்? ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதைத்தான் கண் காண்கிறது. ஒன்றினால் ஒன்று ஆகிறது என்னும் கட்டாயத்தைக் கண் காண்பதில்லை. பிறவிக் குருடன் ஒருவனுக்குப் பகலில் பார்வை திறந்தால், தன் கண் திறந்ததே நிறங்கள் தெரிவதற்குக் காரணம் என்று எண்ணிக்கொள்வான். மாலையில் சூரியன் மறைந்த பின்புதான் வெளிச்சம் என்று ஒன்று இருந்தது அவனுக்குப் புலப்படும். நமக்கு இன்னும் மறையாத சூரியன்கள் எத்தனையோ!

உயிரற்ற நெருப்புக்குச் செயல் ஏது? கருகுதலைப் படைப்பவன் அல்லாஹ். நேராகவோ மலக்குகள் வழியாகவோ அவன் படைக்கிறான் என்பது அன்னாரின் துணிபு. ஸையிதினா இப்ராஹீம் (அலை) அவர்களை நம்ரூதின் நெருப்பு சுடாமற்போனதை நம்புகிற நமக்கு இது விளங்காத காரியமன்று.

எதிர்வாதத்தையும் அவர்களே எழுப்புகிறார்கள். அப்படியானால் வீட்டில் வைத்துவிட்டு வந்த கிதாப் இந்நேரம் குதிரையாக மாறியிருக்கலாமே, எதைத்தான் நம்புவது? அல்லாஹ் தன் படைப்பில் ஒரு வழமையை நடத்தி வருகிறான்; அவ்வழமை நீடிக்கும் என்ற அறிவையும் நம் உள்ளத்தில் அவனே படைத்திருக்கிறான்; ஆகவே கிதாப் கிதாபாகவே இருக்கும் என்று நாம் நிம்மதியாக இருக்கலாம் என்பது அவர்களின் விடை. மேலும் ஒரு வழியையும் திறந்து வைக்கிறார்கள். நெருப்புக்குச் சுடும் இயல்பு உண்டென்றே வைத்துக்கொண்டாலும், தல்க் என்னும் கற்பொடியை உடம்பில் பூசிக்கொண்டு எரியும் உலையில் இறங்கியவனை அது சுடுவதில்லை. இதைக் கண்டிராதவன் நடக்காது என்று சாதிப்பான். நமக்குத் தெரியாத நிபந்தனைகள் படைப்பில் எத்தனை எத்தனை!

இதை எழுதுகையில் நம் ஊரில் நடந்த ஒரு துயரம் நினைவுக்கு வராமலில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண் பார்வை இழந்தவர்களும் உண்டு. வைத்தியர்கள் சொல்வதைக் கேளுங்கள். மெத்தனால் வயிற்றில் இறங்கிய உடனேயே கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்மிக் அமிலமாக்குகிறது. அதுதான் கண் நரம்பையும் உயிரையும் தாக்குகிறது. அந்த நொதியைத் தடுக்கும் போமிபிசோல் என்ற மருந்தை வேளையோடு கொடுத்தால், மெத்தனால் மாற்றமடையாமலே சிறுநீரோடும் மூச்சோடும் வெளியேறிவிடக்கூடும். விஷம் உள்ளே சென்றும் மரணம் வராமல் நிற்கிறது. உலையில் இறங்கியவன்மேல் பூசிய கற்பொடிக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

இமாமவர்களின் வாதம் அத்தோடு நின்றுவிடவில்லை. ஸ்பெயின் தேசத்துப் பேரறிஞர் இப்னு ருஷ்து அவர்கள் (1126–1198) அதற்கு மறுப்பு எழுதினார்கள். காரணங்களை மறுப்பவன் அறிவையே மறுத்தவனாவான் என்பது அவர்களின் கட்சி. ஐரோப்பாவில் 1674 முதல் மாலபிராஞ்ச் என்ற பாதிரியார், படைப்புகளுக்குச் சுயமாகச் செயலாற்றல் இல்லையென்று எழுதினார். 1739-இல் டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துக்காரர், காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையிலுள்ள கட்டாயத்தை எவரும் கண்டதில்லை என்று வாதித்தார். இமாமவர்களுக்கு 644 ஆண்டுகள் பின்னால் வந்தவர் அவர். ஆனால் இருவரையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஹியூம் அந்த வழமையை மனித மனத்தின் பழக்கம் என்றதோடு நிறுத்திக்கொண்டார். இமாமவர்கள் அதை அல்லாஹ்வின் வழமை என்றார்கள். இன்று பல நாடுகளின் சர்வகலாசாலைகளில் விஞ்ஞானத்தின் தத்துவத்தையும் மனத்தின் தத்துவத்தையும் டாக்டர் பட்டத்திற்கு ஆராய்வோர், இந்த 17-ஆவது விவாதத்தையும் பாடமாகப் படிக்கின்றனர். அதில் இமாமவர்கள் இடைக் காரணங்களை அறவே மறுத்தார்களா, அல்லாஹ் அமைத்த ஒழுங்கில் அவற்றுக்கும் ஓர் இடம் கொடுத்தார்களா என்பதில் அவர்களுக்குள்ளும் கருத்து வேற்றுமை உண்டு.

இமாமவர்களால்தான் முஸ்லிம்களிடையே விஞ்ஞானம் அழிந்தது என்று சிலர் வாய் கூசாமல் சொல்கிறார்கள். நுரையீரல் வழியாக இரத்தம் செல்வதை எழுதிய இப்னுந் நபீஸ் 1288-இல் மறைந்தவர். மராகா வானாய்வுக்கூடம் எழுந்தது 1259-இல். கோபர்னிக்கஸின் சந்திரக் கணக்கோடு ஒத்த கணக்கை அவருக்கு முன்பே போட்ட இப்னுஷ் ஷாதிர், 1375-இல் இறக்கும்வரை திமஷ்கின் உமையா ஜாமிஆப் பள்ளியில் தொழுகை நேரம் கணிப்பவராக இருந்தார். இமாமவர்கள் தனித்திருந்து வணங்கிய பள்ளிவாசலும் அதுவே.

அத்தனிமைக்கு அவர்கள் எவ்வாறு வந்தார்கள் என்பதை இனிச் சொல்ல வேண்டும். மறுப்பு நூல் முடிந்து ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. ஹிஜ்ரி 488 ரஜப் மாதம், கி.பி. 1095 ஜூலை. தாம் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்கும் பதவிக்குமா என்ற கேள்வி அவர்களைப் பிடித்துக்கொண்டது. காலையில் எல்லாவற்றையும் துறந்துவிடுவோம் என்று உறுதி பிறக்கும். மாலையில் உலக ஆசை வந்து அதைக் கலைத்துவிடும். ஒருநாள் மாணவர்களின் மனம் குளிரவாவது பாடம் நடத்துவோம் என்று அமர்ந்தார்கள். நா அசையவில்லை! ஒரு சொல்லும் வரவில்லை. கவலை முற்றி, ஒரு வாய்க் கஞ்சியும் இறங்காமற்போயிற்று. வைத்தியர்கள் வந்து பார்த்துவிட்டு, நோய் உள்ளத்தில் தோன்றி உடம்புக்குப் பரவியிருக்கிறது, உள்ளத்தின் கவலை நீங்காமல் மருந்து வேலை செய்யாது என்று கைவிட்டார்கள்.

நேயர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். மனம் உடம்பை எப்படி அசைக்கிறது என்பது இன்றும் தத்துவ ஆராய்ச்சியில் தீராத வழக்கு. எழுதுவதற்காக நீட்டும் கைக்கும், வாதத்தால் தானே நடுங்கும் கைக்கும் உள்ள வேற்றுமையை நாம் ஒவ்வொருவரும் நமக்குள் உணர்கிறோம். அவ்வேற்றுமை மெய், ஆயினும் நீட்டிய கையின் அசைவைப் படைப்பவனும் அல்லாஹ்வே என்று இமாமவர்கள் தம் அகாயித் நூலில் எழுதியிருந்தார்கள். இப்போது அதைத் தம் நாவிலேயே கண்டார்கள். பேச விருப்பம் இருந்தது. நாவும் முன்பிருந்தபடியே இருந்தது. பேச்சு மட்டும் பிறக்கவில்லை.

அவ்வாண்டு துல்கஃதாவில், மக்காவுக்குப் போவதாக வெளியில் சொல்லிவிட்டு, மனத்தில் ஷாம் நாட்டை வைத்துக்கொண்டு பக்தாதைத் துறந்தார்கள். மதரஸாவில் இளவல் அஹ்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பாடம் நடத்தினார்கள். செல்வத்தையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தபோது, பிள்ளைகளின் ஜீவனத்துக்கு வேண்டியதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உலகைத் துறந்தவர் பிள்ளைகளின் சோற்றைத் துறக்கவில்லை.

திமஷ்கிலும் பைத்துல் முகத்தஸிலும் தங்கி, ஹஜ்ஜை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அலைந்த அந்த ஆண்டுகளில் பிறந்ததே இஹ்யா உலூமித்தீன். 40 கிதாபுகள் கொண்டது அது. அவற்றுள் 35-ஆவது, தவ்ஹீதும் தவக்குலும் பற்றியது. எறும்பின் உவமை அங்குதான் வருகிறது.

அக்கிதாபை நாம் மீண்டும் எடுத்துப் படிக்க நேர்ந்தது ஒரு வருத்தமான காரியத்தால். நமக்கு வேண்டிய ஒரு வீட்டில் நன்னா ஒருவர், நீரிழிவுக்குப் போட்டுவந்த இன்சுலினைத் திடீரென நிறுத்திவிட்டார். சுகம் தருபவன் அல்லாஹ்வாயிருக்க ஊசி எதற்கு என்று யாரோ ஒருவர் அவரிடம் பேசியிருக்கிறார். இமாம் கஸ்ஸாலியும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். காலில் புண் வைத்து, விரல் ஒன்றை எடுத்த பிறகே வீட்டார் நம்மிடம் வந்து, அப்படி எழுதியிருக்கிறதா என்று கேட்டார்கள்.

இமாமவர்கள் எழுதியிருப்பது இது. காரணங்கள் மூவகைப்படும். முதல்வகை உறுதியானவை. உணவு முன்னே இருக்க, கையை நீட்டாமல் அது தானே வாய்க்குள் வரட்டும் என்றிருப்பதும், விதைக்காமல் அறுவடையை எதிர்பார்ப்பதும் தவக்குல் ஆகாது, பைத்தியக்காரத்தனமாகும். பசிக்கு ரொட்டியும் தாகத்துக்குத் தண்ணீரும் இவ்வகையே. உயிர் போகும் நிலையில் அவற்றை விடுவது ஹராம். இரண்டாம் வகை, பெரும்பாலும் பலன் தருபவை. வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவதும், வைத்தியர் தரும் மருந்தும் இதில் சேரும். இவற்றைக் கையாள்வதால் தவக்குல் கெடாது. மூன்றாவது, வெறும் எண்ணத்தின்பேரில் செய்பவை. சூடு போடுதல், மந்திரித்தல் போன்றன. தவக்குல் இவற்றைத் தவிர்க்கும். கையை நீட்டும்போது உள்ளம் எதில் சாய்ந்திருக்கிறது, சோற்றிலா அல்லாஹ்விலா என்பதே தவக்குலின் இடம். குடும்பம் உடையவன் தன் பொறுமையை மனைவி மக்கள் தலையில் சுமத்தலாகாது என்றும் அங்கே கண்டிப்பாக எழுதியிருக்கிறார்கள்.

மறைக்காமல் இதையும் சொல்லிவிட வேண்டும். மருந்தை விட்டவர்கள் முன்னோரில் சிலர் இருந்ததை இமாமவர்கள் எடுத்துக்கூறி, அதற்கான காரணங்களையும் தருகிறார்கள். அந்தப் பகுதியை மட்டும் யாரோ படித்துவிட்டு நன்னாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்தாற்போலவே, எந்நிலையிலும் மருந்தை விடுவதே மேல் என்போருக்கு மறுப்பும் எழுதியிருப்பதை அவர் படிக்கவில்லை. நம் கருத்து ஒன்றும் உண்டு. இமாமவர்களின் காலத்து மருந்து பெரும்பாலும் அனுமானம். ஆகவே இரண்டாம் வகையில் வைத்தார்கள். 1922-இல் முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பட்ட இன்சுலின், கணையம் அதை அறவே சுரக்காத ஒரு பிள்ளைக்கு ரொட்டியைப் போன்றது. அதை முதல்வகையில் வைப்பதே பொருந்தும் என நாம் எண்ணுகிறோம். நன்னாவுக்கு எவ்வளவு தேவை என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. ஊசியில் சுகத்தைப் படைப்பவன் அல்லாஹ் என்று நினைத்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம் என்று அவரிடம் சொன்னோம். இப்போது பிஸ்மி சொல்லிப் போட்டுக்கொள்கிறார்.

ஹிஜ்ரி 499-இல் (1106) வஸீர் பக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் நிஷாப்பூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் தொடங்கினார்கள். 1109-இல் முஸ்தஸ்பா என்னும் உஸூல் நூலை முடித்தார்கள். பஞ்சும் நெருப்பும் பற்றிய அதே சிந்தனை அதிலும் தொடர்கிறது. மது ஹராமாவதன் இல்லத், அதாவது சட்டக் காரணம், போதை. ஆயினும் போதை தானாகவே ஹராமாக்கிவிடவில்லை. தடை வருமுன்னும் மதுவில் போதை இருந்ததே! அல்லாஹ் அதைத் தடைக்கு அடையாளமாக ஆக்கியபின்பே அது இல்லத்தாயிற்று. அப்படி ஆக்கிவிட்ட பிறகு, பெயர் சாராயமானாலும் கள்ளானாலும் சீமைச் சரக்கானாலும் போதை இருக்குமிடமெல்லாம் தடையும் இருக்கும். கருணாபுரத்தின் மரணங்கள் அவரவர் விதி என்று பேசி, கலந்து விற்றவன் கணக்கை லேசாக்கப் பார்த்தவர்களும் உண்டு. விதியை நம்பிய அதே பிக்ஹு இமாம்கள்தாம், அறியாதவனுக்கு விஷம் கொடுத்துக் கொன்றவன் பொறுப்பாளி என்று எழுதி, அவனுக்குரிய தண்டனையைப் பற்றியே தங்களுக்குள் வாதித்தார்கள்.

கடைசிக் காலத்தில் இமாமவர்கள் தூஸுக்கே திரும்பி, வீட்டின் அருகே மாணவர்களுக்கு ஒரு மதரஸாவும் ஸூபிகளுக்கு ஒரு கான்காஹும் அமைத்துக்கொண்டார்கள். குர்ஆன் ஓதுதல், பாடம், ஆன்மிகச் சான்றோருடன் இருத்தல் என்று பொழுதைப் பங்கிட்டிருந்தார்கள். ஹதீஸ் கலையில் தமக்குக் குறைவிருந்ததாக உணர்ந்து, ஸஹீஹ் புகாரியையும் முஸ்லிமையும் அந்த வயதில் பாடம் கேட்கத் தொடங்கினார்கள். ஹிஜ்ரி 505, ஜமாதுல் ஆகிர் பிறை 14, திங்கட்கிழமை (கி.பி. 1111 டிசம்பர் 18) சுபுஹு நேரத்தில் ஒளுச் செய்து தொழுதார்கள். பிறகு கபனைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதை வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, அரசனின் சமுகத்துக்குப் போக ஆயத்தம் என்று கூறி, கிப்லாவை நோக்கிக் கால்களை நீட்டிப் படுத்தார்கள். வெளுக்குமுன் உயிர் பிரிந்திருந்தது. இதை நமக்குச் சொன்னவர்கள் இளவல் அஹ்மது அவர்கள்.